காய்ச்சலைத் துணைக்கழைத்த வைத்தியர்

நோய் தீர்க்க வந்த வைத்தியர் ஒருவர், தம்மை நம்பி வந்த நோயாளிக்கு வேறொரு நோயை வேண்டுமென்றே உண்டாக்கினார் என்று கேள்வியுற்றால், அவரைப் பித்தர் என்றே உலகம் எள்ளும். நியூயோர்க் மாநகரில் 1891ஆம் ஆண்டில் அத்தகைய செயலைத் துணிந்து செய்தவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் வில்லியம் பிராட்லி கோலி. வாழ்ந்த காலத்தில் சிலரால் போற்றப்பட்டும் பலரால் ஐயுறப்பட்டும், மறைந்த பின்னர் ஏறக்குறைய மறக்கப்பட்டும், இன்று புற்றுநோய் நிர்ப்பீடன வைத்தியத்தின் தந்தை எனக் கொண்டாடப்பட்டும் வருகின்ற அப்பெரியாரின் வரலாறு, ஊவா மலைநாட்டில் வாழும் நாமும் அறிந்திருக்க வேண்டியதொன்றாகும்.

காய்ச்சல் என்றால் நம் முன்னோர்க்கு யமனின் தூதன். 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியாக் காய்ச்சல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுசென்றது. மொனராகலை முதலிய உலர்வலயப் பகுதிகளில் அக்காய்ச்சல் அதன் பின்னரும் நெடுங்காலம் நிலைத்திருந்தது. 2016ஆம் ஆண்டிலேதான் மலேரியா நீங்கிய நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது. இவ்வாறு தலைமுறை தலைமுறையாக நாம் அஞ்சிய காய்ச்சலையே ஒருவர் மருந்தாக்க முயன்றார் என்பதும், அம்முயற்சி முழுப்பொய்யும் அன்று, முழுமெய்யும் அன்று என்பதும் சிந்திக்கத்தக்கன.

ஆசிரியர் வைத்தியரானமை

கோலி 1862ஆம் ஆண்டு சனவரி மாதம் 12ஆந் திகதி அமெரிக்காவின் கனெற்றிகட் மாநிலத்திலே பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்திற் பயின்று வெளியேறிய பின், ஓரிகன் மாநிலத்துப் பள்ளியொன்றில் இரண்டாண்டு காலம் இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். பழைய மொழிகளைக் கற்பித்துப் பிழைக்கும் எம்போன்றார்க்கு இச்செய்தி சிறிது பெருமை தருவதே. பழஞ்சுவடிகளைப் புரட்டி, பிறர் கடந்து சென்ற ஒரு வரியிலே நின்று பொருள் காணும் பழக்கம் அவருக்கு அங்ஙனம் வாய்த்ததோ என எண்ணத் தோன்றுகிறது. அப்பழக்கமே பின்னாளில் அவர் வாழ்வைத் திசை திருப்பியதென்பதை மேலே காண்போம்.

ஆசிரியப் பணியை விடுத்து ஹாவர்ட் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1888ஆம் ஆண்டிலே பட்டம் பெற்றார். நியூயோர்க் வைத்தியசாலையிற் சத்திரசிகிச்சை பயின்று, 28ஆம் வயதிலேயே தனித்து நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். கையிற் கத்தியும் நெஞ்சில் நம்பிக்கையும் நிறைந்திருந்த அப்பருவத்தில், 1890ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஓர் இளம்பெண் அவரை நாடி வந்தாள்.

எலிசபெத் டாஷியல் என்பது அவள் பெயர். வயது பதினேழு. கோடை விடுமுறைப் பயணத்தில் இரயில் வண்டியின் இருக்கையிற் கை நசுங்கியது. சிறு காயந்தானே என்று விட்டதில் வீக்கம் வற்றவில்லை. வலி நாளுக்கு நாள் மிகுந்தது. கோலி சோதித்துப் பார்த்து, அது எலும்பையும் அதனைச் சார்ந்த தசையையும் பற்றும் சார்க்கோமா என்னும் புற்றுநோய் எனக் கண்டார். அக்காலத்தார் அறிந்த ஒரே வழி உறுப்பை அறுத்து நீக்குவது. அவள் முன்கையை அவர் நீக்கினார். பயன் இல்லை. நோய் உடலெங்கும் பரவியது. 1891ஆம் ஆண்டு சனவரி 23ஆந் திகதி அப்பேதை உயிர் நீத்தாள். தம் கல்வியும் கைத்திறனும் பயனற்று நின்ற அந்தக் காட்சி கோலியின் உள்ளத்தை விட்டு அகலவேயில்லை. அவளைத் தமக்கை தங்கையரைப் போல் நேசித்த நண்பர் ஒருவர் இருந்தார். அவர் ஜோன் டி. றொக்பெல்லரின் மைந்தர். அக்குடும்பத்தார் பிற்காலத்திற் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு வாரி வழங்கிய பெருநிதிக்கு அப்பெண்ணின் நினைவும் ஒரு காரணம் என்பர்.

பழைய ஏட்டிற் கண்ட புதுமை

கோலி வைத்தியசாலையின் பழைய ஏடுகளைப் புரட்டலானார். சார்க்கோமா கண்டு அங்கு வந்தவர் எவரேனும் பிழைத்ததுண்டா என்பதே அவர் தேடிய வினா. ஒன்றன்பின் ஒன்றாக மரணக் குறிப்புகளே வந்துகொண்டிருக்கையில், ஒரு குறிப்பு மட்டும் அவரை நிறுத்தியது. ஸ்ரைன் என்ற ஜெர்மனியக் குடியேறிக்குக் கழுத்திலே கட்டி, பன்முறை அறுத்தும் மீண்டும் வளர்ந்தது, வைத்தியர்கள் கைவிட்டனர். அந்நிலையில் 1885ஆம் ஆண்டில் அவனுக்கு எரிசிபெலாஸ் என்னும் தோல் நோய் தொற்றிற்று. அது தோலைத் தீப்போற் சிவக்கச் செய்து கடுங்காய்ச்சல் தருவது. ஸ்திரெப்ரோகொக்கசு என்னும் பற்றீரியாவால் வருவது. அந்தக் காய்ச்சல் தணிந்தபோது கட்டியும் கரைந்து போயிருந்தது. அவன் நலமுடன் வீடு திரும்பினான் என்பதோடு குறிப்பு முடிந்தது.

ஏட்டிற் கண்டதை ஏட்டளவில் விட்டிருந்தால் கோலியை யாம் இன்று பேசப்போவதில்லை. ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த நியூயோர்க் கீழ்ப்பகுதித் தெருக்களில், மாடிப்படி தோறும் ஏறி இறங்கி அம்மனிதனைத் தேடினார். ஈற்றிற் கண்டும் பிடித்தார். கழுத்திலே பெருந்தழும்பு இருந்தது, நோய் இல்லை.

இத்தகைய நிகழ்ச்சியைக் கண்டவர் கோலிக்கு முன்னரும் இருந்தனர். ஜெர்மனியிலே புஷ் என்பவர் 1868இல் இதனைக் குறித்தார். பெலைசன் என்பவர் 1882இல் எரிசிபெலாசின் கிருமியைப் பிரித்தறிந்து, சில நோயாளர்க்குச் செலுத்தியும் பார்த்தார். ஆயினும் இதனையே வாழ்நாட் கருமமாகக் கொண்டவர் கோலி ஒருவரே.

1891ஆம் ஆண்டு மே மாதத்தில் சோலா என்ற இத்தாலியர் ஒருவருக்கு அவர் உயிருள்ள கிருமிகளை ஊசிவழிச் செலுத்தினார். தொண்டையை அடைத்து நின்ற கட்டியால் அம்மனிதர் உண்ணவும் பேசவும் இயலாது மெலிந்திருந்தார். திங்கள் பல சென்றும் எதிர்பார்த்த காய்ச்சல் சரிவர எழவில்லை. பின்னர் ஜெர்மனியிலிருந்து வீரியம் மிக்க கிருமி வருவிக்கப்பட்டது. ஒக்டோபர் மாதத்தில் அதனைச் செலுத்திய சிறிது நேரத்திலே உடல் நடுங்கிற்று, காய்ச்சல் கொதித்தெழுந்தது, நோயாளி மரணத்தின் வாயிலை எட்டிப்பார்த்தார். சில நாளிற் கட்டி உடைந்து கரையத் தொடங்கியது. இரு வாரத்தில் மறைந்தது. சோலா மேலும் எட்டாண்டு வாழ்ந்தார். பின் நோய் மீண்டு தாய்நாட்டிலே மாண்டார்.

ஆனால் எல்லோர்க்கும் இவ்வாறு நேர்ந்ததில்லை. சிலருக்குக் காய்ச்சலே வரவில்லை. வேறு இருவர், கட்டி கரையுமுன் தொற்று நோயினாலேயே உயிரிழந்தனர். மருந்தெனக் கொடுத்தது நஞ்சாயிற்று. உயிருள்ள கிருமியை ஏவுவது எய்த அம்பைப் போன்றது, மீட்டெடுக்க இயலாது என்று கோலி உணர்ந்தார். ஆகவே வெப்பத்தாற் கொல்லப்பட்ட ஸ்திரெப்ரோகொக்கசுடன், இன்று செராசியா எனப்படும் மற்றொரு பற்றீரியாவையும் கொன்று கலந்து ஒரு கலவை செய்தார். கோலியின் நச்சுக்கள் என அது பெயர் பெற்றது. 1893ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், வயிற்றுச் சுவரிலே பெருங்கட்டியுடன் கிடந்த ஒரு வாலிபனுக்கு அதனை முதன்முதல் வழங்கினார். திங்கள் சில ஊசி தொடர்ந்தது, கட்டி சிறுத்தது, ஆண்டு முடியுமுன் மறைந்தது. அவ்வாலிபன் மேலும் இருபத்தாறு ஆண்டு வாழ்ந்து, இருதய நோயால் இறந்தான்.

புகழும் பழியும்

அதன்பின் நாற்பதாண்டு காலம் கோலி நூற்றுக்கணக்கான நோயாளருக்கு இக்கலவையை வழங்கினார். 1899 முதற் பார்க் டேவிஸ் நிறுவனம் அதனைத் தயாரித்து விற்றது. நியூயோர்க் புற்றுநோய் வைத்தியசாலையில் அவர் பணிபுரிந்தார். பிற்காலத்தில் மெமோரியல் எனப் பெயர் பெற்ற நிலையம் அதுவே. ஆங்கே ஜேம்ஸ் யூவிங் என்னும் நோயியல் மேதை தலைமையுற்றார். அவர் பெயரால் ஓர் எலும்புப் புற்று இன்றும் வழங்கப்படுகிறது. யூவிங்குக்கு இரேடியத்திலும் எக்ஸ் கதிரிலும் நம்பிக்கை மிகுதி. கோலியின் கலவையில் நம்பிக்கை இல்லை. இருவரும் ஒரே கூரையின் கீழ் ஆண்டுக்கணக்கிற் கருத்து மாறுபட்டு நின்றனர்.

யூவிங்கை வில்லன் ஆக்கிக் கோலியை வீரராக்குவது எளிது, அது நீதியாகாது. கோலியின் குறைகள் உண்மையானவை. அவருடைய கலவை காலத்துக்குக் காலம் வேறுபட்டது; ஒரு தயாரிப்பு வீரியமுடையதாயின் மற்றொன்று வெறும் நீரை ஒத்திருந்தது. எத்தனை ஊசி, எவ்வளவு, எத்தனை நாள் என்பதில் ஒழுங்கு போதவில்லை. சிலருக்கு அறுவையும் கதிரும் சேர்த்து அளிக்கப்பட்டமையால் எது பயன் தந்ததெனப் பிரித்தறிய முடியவில்லை. யாவற்றினும் மேலாக, கலவை ஏன் பயன் தருகிறது என்பதற்கு அவரிடம் விடை இல்லை. காய்ச்சலின் வெப்பமே காரணம் என்பாரும், கிருமியின் நஞ்சே காரணம் என்பாரும் அக்காலத்தில் இருந்தனர். காரணம் அறியாத மருந்து, பலித்தால் அற்புதம், பலியாவிடின் ஏமாற்று என்றே பேசப்படும்.

கோலி 1936ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 16ஆந் திகதி காலமானார். 1962இல் அமெரிக்காவில் மருந்துச் சட்டம் கடுமையாக்கப்பட்டபின் அவருடைய கலவை நிறுவப்படாத புது மருந்தென ஒதுக்கப்பட்டது. 1965இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதனை ஆதாரமற்ற வைத்திய முறைகளின் பட்டியலிற் சேர்த்தது. பத்தாண்டு கழித்து 1975இல் அப்பட்டியலினின்றும் நீக்கிற்று.

இதற்கிடையில் அவர் மகள் ஹெலன் கோலி நோட்ஸ் செய்த தொண்டு தமிழ் மரபிற் கூறினால் மகள் தந்தைக்காற்றும் உதவியாகும். வைத்தியக் கல்வி பெறாத அவ்வம்மையார் தந்தையின் கடிதங்களையும் குறிப்புகளையும் ஒன்று திரட்டி, நோயாளர் ஒவ்வொருவரின் பின்வாழ்வையும் தேடிப் பதிந்தார். 1953ஆம் ஆண்டில், றொக்பெல்லர் குடும்பத்தார் அளித்த 2,000 டொலருடன் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார். அந்நிலையம் இன்றும் நிலைத்துள்ளது. அம்மையார் 2001இல் மறைந்தார்.

தப்பின் ஓசையும் உடலின் சமிக்ஞையும்

கோலி அறியாதது யாது? அதனை விளக்க நம் தோட்டத்து வழக்கம் ஒன்று துணை செய்யும். முற்காலத்திற் பொழுது புலருமுன் தப்பு முழங்கும். லயங்களில் உறங்குவோர் எழுந்து பெரட்டுக் களத்திற் கூடுவர். அதே தப்பு திருவிழாவிலும் முழங்கும். சாவு வீட்டிலும் முழங்கும். தோலும் கட்டையும் ஒன்றே. அடியும் வேளையும் வேறு. கேட்போர் செய்யும் கருமமும் அதற்கேற்ப வேறாகும்.

நம் உடலிலும் இத்தகைய முழக்கங்கள் உள. குருதியிலுள்ள வெண்கலங்கள் ஒன்றோடொன்று பேசுவது சில புரதங்களின் வழியாக. ஒரு கலம் அப்புரதத்தை வெளியிட, மற்றொரு கலம் தன் மேற்புறத்திலுள்ள வாங்கியால் அதனை ஏற்று, செய்தியைத் தன் உட்கருவரை கொண்டுசெல்லும். இதனையே அறிஞர் சமிக்ஞைப் பாதை என்பர். கிருமியின் சுவர்த் துண்டை உணரும் டோல் வகை வாங்கியை 1998இல் பியூட்லர் குழுவினர் எலிகளிற் கண்டனர். ஈக்களில் இத்தகைய காவல் நடப்பதை ஹொப்மன் குழுவினர் அதற்குச் சற்று முன் காட்டியிருந்தனர். இருவரும் 2011ஆம் ஆண்டு நொபெல் பரிசிற் பங்கு பெற்றனர். கோலியின் கொல்லப்பட்ட கிருமிகளும் இவ்வாங்கிகளைத் தட்டியே உறங்கிய படையை எழுப்பியிருக்க வேண்டும் என இன்றைய அறிஞர் கருதுவர்.

1975ஆம் ஆண்டிலே கோலி பணிபுரிந்த அதே மெமோரியல் நிலையத்தில், கார்ஸ்வெல் அம்மையாரும் லொயிட் ஓல்டும் அவர்தம் துணைவரும் எலிகளின் குருதியில் ஒரு புரதத்தைக் கண்டனர். பற்றீரியாவாலும் அதன் நஞ்சாலும் தூண்டப்பட்ட எலியின் குருதிநீரை வேறோர் எலிக்குச் செலுத்த, அதன் கட்டி கறுத்து இறந்தது. கட்டியை இறக்கச் செய்யும் காரணி என அதற்குப் பெயரிட்டனர். கோலியின் புதிர் அவிழ்ந்தது என உலகம் மகிழ்ந்தது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அப்புரதத்தை நோயாளரின் குருதியிற் செலுத்தியபோது இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஊறு நேர்ந்தது. நோயால் உடல் மெலிந்து தேய்வதற்கும் அதுவே ஒரு காரணம் என 1985இல் தெரியவந்தது. 1999ஆம் ஆண்டில் இரு செய்திகள் ஒருங்கு வந்தன. கை காலிலுள்ள சார்க்கோமாவுக்கு, அந்த உறுப்பின் இரத்த ஓட்டத்தை உடலினின்றும் பிரித்து, அதனுள் மட்டும் இப்புரதத்தைச் செலுத்தி உறுப்பை அறுக்காது காக்கும் முறைக்கு ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. எலிசபெத் டாஷியலின் கையை நினைவார்க்கு இது கண்ணீர் வரவழைக்கும் செய்தி. அதே ஆண்டில் மற்றொரு குழுவினர், இப்புரதத்தை ஆக்க இயலாத எலிகளுக்குத் தோற்புற்று எளிதில் வருவதில்லை எனக் கண்டனர். அளவின்றி நெடுநாள் சிறிது சிறிதாகச் சுரக்கும் அதே புரதம் புற்றுக்கு உரமாகிறது என்பது பெறப்பட்டது. குறுகிய காலம் ஓங்கி ஒலித்தாற் பகைவனை விரட்டும் முழக்கம், ஓயாது முணுமுணுத்தாற் பகைவனுக்கே துணையாகின்றது.

இண்டபெரோன் காமா என்னும் புரதத்தின் கதையும் இதுவே. ரி கலங்கள் எனப்படும் போர்வீரர் புற்றைக் கண்டதும் அதனை வெளியிடுவர். அதனைக் கேட்ட புற்றுக்கலம் தன் அடையாளத்தை வெளியே காட்டும். வீரர்க்கு இலக்குத் தெளிவாகும். இது நன்மை. ஆனால் அதே செய்தியைக் கேட்டுப் புற்றுக்கலம் தன் மேற்புறத்தில் ஒரு புரதத்தையும் விரிக்கும். அது வீரரின் மேலுள்ள பீ.டி.1 என்னும் வாங்கியைத் தொட்டு, போதும் நில் என ஆணையிடும். இது தீமை. அவ்வாணை இயற்கை வீணாக வைத்ததன்று. படை அடங்காது பொங்கினால் சொந்த உடலையே அழித்துவிடும் என்பதற்காக அமைந்த கடிவாளம். அதனைப் புற்று களவாடிப் பயன்கொள்கிறது. வள்ளுவர் உட்பகைக்கென ஓர் அதிகாரம் வகுத்ததன் அருமை ஈண்டு விளங்கும்.

ஜப்பானிய அறிஞர் தசுக்கு ஹொஞ்சோவின் குழுவினர் 1992இல் பீ.டி.1ஐக் கண்டறிந்தனர். அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் அலிசன் வேறொரு கடிவாளத்தைத் தடுத்தால் எலிகளின் கட்டி அழிவதை 1996இற் காட்டினார். 2018இல் இருவரும் நொபெல் பரிசைப் பகிர்ந்தனர். கடிவாளம் தளர்த்தும் மருந்துகளில் முதலாவது 2011இல் அனுமதி பெற்றது. சாவின் விளிம்பில் நின்றோர் சிலர் அவற்றால் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றனர். எனினும் நோயாளரிற் பலருக்கு அவை பயன் தருவதில்லை; சிலருக்கு விடுதலை பெற்ற படை குடலையும் கேடயச் சுரப்பியையும் அரிதாக இருதயத்தையும் தாக்குகின்றது. நூறாண்டு கடந்தும் கோலியின் இடர்ப்பாடு தீர்ந்துவிடவில்லை. அதன் காரணம் மட்டும் தெளிந்துள்ளது.

நமக்குரிய பாடம்

இவ்வரலாறு தொலைதூர நாட்டுக் கதையாக நின்றுவிடலாகாது. இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்று வாய்ப்புற்று. நம் தோட்டங்களில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் குளிருக்கும் களைப்புக்கும் துணையென நாள் முழுதும் வாயில் அடக்கப்படுகின்றன. புகையிலை இன்றியும் பாக்குத் தானே புற்று விளைக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றாராய்ச்சி முகவர் நிலையம் 2004இல் வெளியிட்டுள்ளது. கன்னத்தின் உட்புறம் ஓயாது புண்பட்டு அழலும்போது, மேலே கூறிய முணுமுணுப்பே அங்கு நிகழ்கின்றது. காக்க வந்த சமிக்ஞை நெடுங்காலம் நீடித்துக் கேட்டுக்குத் துணைபோகின்றது. மொனராகலையிலிருந்து மகரகமை வைத்தியசாலைக்குப் பஸ் ஏறும் ஏழை, பெரும்பாலும் காலம் கடந்த பின்னரே ஏறுகின்றான். விலையுயர்ந்த புது மருந்துகள் அவனுக்கு எட்டாக்கனி. மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணையும், வாயிற் படரும் வெண்மை செம்மைத் தழும்பையும் உடனே வைத்தியரிடம் காட்டுதல் கையிற் காசில்லாதவனுக்கும் இயலும். மாணவர் தம் பாட்டிமார்க்கு இதனைச் சொல்லுதல் வேண்டும்.

மற்றொன்றும் கூறுதல் கடன். எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் சூரணம், புற்றைக் கரைக்கும் கஷாயம் என விளம்பரப்படுத்துவோர் இன்று பெருகியுள்ளனர். எதிர்ப்புச் சக்தி என்பது பெருக்கினால் நன்மை, குறைத்தால் தீமை என்னும் நேர்க்கணக்கன்று என்பதைக் கோலியின் வாழ்வும் அதன்பின் வந்த ஆராய்ச்சியும் காட்டுகின்றன. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற நம் பழமொழியோடு, வேளை தப்பினால் காவலும் களவாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கோலி தம் மருந்தாற் பிழைத்தோரையும் கண்டார். அதனால் இறந்தோரையும் கண்டார். இறந்தோரை மறைக்காது எழுதினார்; அதனாலேயே உயிருள்ள கிருமியை விட்டுக் கொன்ற கிருமிக்கு மாறினார். பழைய ஏட்டில் ஒரு வரியை நம்பித் தெருத்தெருவாக அலைந்த அம்மனிதர், காரணம் காணாமலே கண்மூடினார். அவர் விட்டுச்சென்ற வினாவுக்கு விடை தேடுவோர் இன்றும் ஆய்வுகூடங்களில் விழித்திருக்கின்றனர்.